பதக்கம் அலமாரியில் இருக்கட்டும், பயிற்சி நோட்டை வெளியே எடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 25. காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமம். ஊருணியில் நீச்சல் பழகி, பிறகு விடுதியில் தங்கிப் பயிற்சி எடுத்து, 200 மீட்டர் பட்டர்ஃப்ளையில் மாநிலப் பதக்கங்கள் வாங்கினேன். தேசியப் போட்டியில் ஒருமுறை இறுதிச்சுற்று வரை போனேன். தோள்பட்டை வலியால் போன வருஷத்தோடு நிறுத்தியாயிற்று. பி.காம். முடித்திருக்கிறேன். விளையாட்டு எழுத்து, வர்ணனை, டி.வி. பக்கம் போக ஆசை. அப்பச்சி வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார்கள். மதுரையில் ஒரு யூடியூப் சேனல்காரர் என் கதையைத் தொடராக எடுப்பதாகச் சொல்லி ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார். வீட்டில் நானே பேசிப் பதிவு செய்து பார்த்தேன், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கிறது. கையெழுத்துப் போடலாமா? இதற்கென்று தனியாகப் படிக்க வேண்டுமா? சுயசரிதை எழுதும் அளவுக்கு நான் சாதித்திருக்கிறேனா?

— வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஒப்பந்தத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அப்பச்சி சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம். நீச்சலை மட்டும் வைத்து மாதச் சம்பளம் தரும் வேலை தமிழ் ஊடகத்தில் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுப் பக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தாலும் முக்கால்வாசி நாள் கிரிக்கெட்டும் கபடியும்தான் எழுத வேண்டியிருக்கும். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வேலை இருந்தால், எந்தக் கட்டுரையை ஒப்புக்கொள்வது, எதை மறுப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். இல்லாவிட்டால் வருகிற ஒப்பந்தத்துக்கெல்லாம் தலையாட்ட வேண்டிவரும்.

இந்தப் பாதையில் போனவர்கள் இருக்கிறார்கள். டோனா டி வரோனா 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றபோது அவருக்கு வயது 17. அன்றைய அமெரிக்காவில் பெண் நீச்சல் வீரருக்குக் கல்லூரி உதவித்தொகை என்ற பேச்சே இல்லை. அதற்கு வழி திறந்த சட்டம் 1972-ல்தான் வந்தது. நீந்துவதற்கு மேற்கொண்டு வழியில்லாமல் 1965-ல் ஏபிசி தொலைக்காட்சியில் வர்ணனைக்குப் போனார். அந்த நாட்டின் பெரிய தொலைக்காட்சிகளில் விளையாட்டு பேசிய முதல் பெண்களில் அவர் ஒருவர். ரவுடி கெயின்ஸ் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்காவின் புறக்கணிப்பால் இழந்து, 1984-ல் மூன்று தங்கம் எடுத்து, பிறகு என்பிசியில் பல ஒலிம்பிக்குகளுக்கு நீச்சல் வர்ணனை செய்தார். இங்கிலாந்தின் ரெபெக்கா அட்லிங்டன் 2013-ல் 23 வயதிலேயே ஓய்வு பெற்று பிபிசி பக்கம் போனார். லின் காக்ஸ் 1987-ல் பெரிங் நீரிணையில் அமெரிக்கத் தீவு ஒன்றிலிருந்து சோவியத் ஒன்றியத்தின் தீவுக்கு நீந்திக் கடந்து, பின்னாளில் எழுத்தாளராகவே அறியப்பட்டார்.

இவர்களுடைய பதக்கக் கணக்கோடு உங்களுடையதை ஒப்பிட்டு மனம் சோர வேண்டாம். பதக்கம் முதல்முறை கதவைத் திறக்கும், அவ்வளவுதான். இரண்டாம் முறை கூப்பிடுவது, கரையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாத ஒன்றைத் தண்ணீருக்குள்ளிருந்து எடுத்துச் சொல்ல முடிந்தவரைத்தான். 200 மீட்டர் பட்டர்ஃப்ளையின் கடைசி 50 மீட்டரில் உடம்பு என்ன ஆகிறது என்று அனுபவித்துத் தெரிந்தவர்கள் தமிழ் எழுதுகிறவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்? உங்கள் முதலீடு அதுதான். அது உங்கள் பயிற்சி நோட்டில் இருக்கிறது. பழைய நோட்டுகள் பரணில் இருந்தால் இன்றே இறக்குங்கள்.

எழுத்திலிருந்து தொடங்குங்கள். குரலும் கேமராவும் பிறகு. உங்கள் மாவட்டப் போட்டி ஒன்றைப் பற்றி இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வையுங்கள்: ‘கடும் போட்டிக்கிடையே நம் வீராங்கனை அபாரமாக நீந்தி வெள்ளிப் பதக்கம் வென்று அசத்தினார்.’ இதில் தண்ணீரே இல்லை. நீந்தி என்ற சொல்லை எடுத்துவிட்டு, ஓடி, சைக்கிள் ஓட்டி என்று எதை வைத்தாலும் வாக்கியம் அப்படியே நிற்கும். அதே போட்டியை நோட்டை வைத்து எழுதினால்:

‘150 மீட்டர் வரை முன்னால் இருந்தது அவர்தான். கடைசித் திருப்பத்துக்குப் பிறகு இடுப்பு இறங்கிவிட்டது. முதல் 50 மீட்டரை 22 ஸ்ட்ரோக்கில் (கைவீச்சில்) கடந்தவருக்குக் கடைசி 50-க்கு 28 ஸ்ட்ரோக் தேவைப்பட்டது. பக்கத்துப் பாதையில் வந்தவர் 24-ஐத் தாண்டவில்லை. சுவரைத் தொடும்போது ஒரு கை நீளம் வித்தியாசம்.’

அபாரம், அசத்தல் எதுவும் இல்லை. தோற்ற காரணம் தெரிகிறது. இதற்கு வேண்டியது ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு, எண்ணும் பொறுமை. ஒவ்வொரு 50 மீட்டருக்கும் நேரம், ஸ்ட்ரோக் எண்ணிக்கை, திருப்பத்துக்குப் பின் எத்தனை மீட்டரில் தலை மேலே வந்தது என்று மூன்று கட்டம் போடுங்கள். நேரம் 32.6, 37.4, 39.1, 40.2 என்று வந்தால் மொத்தம் 2 நிமிடம் 29.3 நொடி. ஆனால் செய்தி மொத்தத்தில் இல்லை. முதல் 50-க்கும் இரண்டாம் 50-க்கும் நடுவே விழுந்த 4.8 நொடியில் இருக்கிறது. முதல் 50 குதித்துத் தொடங்குவதால் எப்போதும் வேகமாகத்தான் இருக்கும், 200 மீட்டர் பட்டர்ஃப்ளையில் மூன்று, மூன்றரை நொடி வித்தியாசம் இயல்பு. நாலே முக்கால் நொடி என்றால் தொடக்கத்திலேயே அதிகமாகச் செலவழித்துவிட்டார் என்று அர்த்தம். இதைப் படிக்கிற அம்மா அப்பாவுக்கும் புரிகிற தமிழில் சொல்வதுதான் உங்கள் வேலை.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஃப்ரீஸ்டைல், பட்டர்ஃப்ளை என்றே எழுதுங்கள், நீச்சல் பழகும் பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் ஊருணிப் படிக்கட்டில் கற்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். குதித்த பிறகும் திருப்பத்துக்குப் பிறகும் தண்ணீருக்கடியில் இரண்டு காலையும் சேர்த்து டால்ஃபின் உதை போட்டுப் போகும் பகுதிக்கு ‘உள்நீச்சல்’ என்பதைவிடப் பொருத்தமான சொல் எது? 1988 சோல் ஒலிம்பிக்கில் பேக்ஸ்ட்ரோக் (மல்லாந்து நீந்தும்) வீரர்கள் முதல் நீளத்தில் பெரும்பகுதியை உள்நீச்சலிலேயே கடந்தார்கள். ஜப்பானின் டைச்சி சுசூகி 100 மீட்டரில் தங்கம் எடுத்ததும் அப்படித்தான். மேற்பரப்பில் அலை உண்டாக்குவதில் வீணாகும் சக்தி அடியில் வீணாகாது. அதனால்தான் பிறகு விதியைத் திருத்தினார்கள். இன்று பேக்ஸ்ட்ரோக், பட்டர்ஃப்ளை, ஃப்ரீஸ்டைல் மூன்றிலும் 15 மீட்டருக்குள் தலை வெளியே வந்துவிட வேண்டும். ஊருணியில் உள்நீச்சல் போட்ட எந்தப் பையனுக்கும் இது உடனே விளங்கும்.

வர்ணனைக்கு இப்படிப் பழகுங்கள். ஒலிம்பிக் இறுதிப் போட்டி ஒன்றின் வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, போனில் பதிவு செய்தபடி பேசுங்கள். 200 மீட்டரில் தொடங்குங்கள். 50 மீட்டர் இருபது சொச்சம் நொடியில் முடிந்துவிடும், பழகாதவருக்கு மூச்சுவிடவும் நேரம் இருக்காது. வீரர்கள் வந்து நிற்கும்போதே பாதை எண்ணை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். எட்டுப் பாதையில் முந்தைய சுற்றில் முதலிடம் பிடித்தவர் 4-ல், அடுத்தவர் 5-ல், பிறகு 3, 6, 2, 7, 1, 8 என்று வரும். நடுவில் இருப்பவர்தான் வெல்வார் என்று முன்கூட்டியே நாக்கு போய்விடும், அதைத்தான் அடக்க வேண்டும். உள்நீச்சலின்போது யார் ஆழத்தில் போகிறார், யார் சீக்கிரம் மேலே வருகிறார் என்று பாருங்கள். நுட்பம் பேசுவதெல்லாம் நடு 100 மீட்டரில். கடைசி 15 மீட்டரில் விளக்கம் கூடாது. யார் முன்னால், எவ்வளவு முன்னால், இவை மட்டும். தொட்டவுடன் வாயை மூடி, நேரம் காட்டும் பலகையைப் பாருங்கள்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். கேமரா பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாகப் பார்க்கும். கிட்டத்துப் பாதைக்காரர் முன்னால் இருப்பதுபோல் தோன்றும். 2008 பெய்ஜிங்கில் 100 மீட்டர் பட்டர்ஃப்ளையில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் 50.58, மிலோராட் சாவிச் 50.59. பார்த்தவர்களில் பலர் சாவிச் வென்றதாகவே நினைத்தார்கள். சாவிச் நீட்டிய கையோடு வழுக்கி வந்தார், ஃபெல்ப்ஸ் அரை ஸ்ட்ரோக் கூடுதலாக அடித்துச் சுவரைத் தொட்டார். அந்த வேகத்தில் நூறில் ஒரு நொடி என்பது ஏறக்குறைய 2 சென்டிமீட்டர், கட்டைவிரல் நகத்தளவு. அதே ஒலிம்பிக்கின் 4×100 ஃப்ரீஸ்டைல் தொடர் நீச்சலில் கடைசியாக இறங்கிய அமெரிக்காவின் ஜேசன் லெசாக் பின்தங்கித்தான் இருந்தார். 46.06 நொடியில் நீந்தி 0.08 நொடியில் பிரான்ஸை முந்திவிட்டார். ‘இனி பிடிக்க முடியாது’ என்ற வாக்கியத்தை உங்கள் அகராதியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சமநிலை வந்தால் திகைக்க வேண்டாம். 2016 ரியோவில் பெண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் சிமோன் மானுவலும் பென்னி ஒலெக்ஸியாக்கும் 52.70 நொடியில் தொட்டு இருவருமே தங்கம் வாங்கினார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பார்த்துப் பிரிக்கக் கூடாதா என்று நேயர்கள் கேட்பார்கள். ஒருமுறை பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். 1972 மியூனிக்கில், நாலு வகை நீச்சலும் சேர்ந்த 400 மீட்டர் மெட்லியில் குன்னார் லார்சனும் டிம் மெக்கியும் 4 நிமிடம் 31.98 நொடி. கடிகாரம் 0.002 நொடி வித்தியாசம் காட்டியதால் தங்கம் லார்சனுக்குப் போனது. அந்த வித்தியாசம் தண்ணீரில் சில மில்லிமீட்டர். எட்டுப் பாதையின் சுவரையும் அவ்வளவு துல்லியமாகக் கட்ட எந்தக் கொத்தனாராலும் முடியாது. அதனால்தான் பிற்பாடு நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். இப்படிப் பத்துப் பதினைந்து விளக்கங்கள் கைவசம் இருந்தால் எந்த ஒளிபரப்பிலும் இடைவெளியை நிரப்பலாம். கூடவே 2008, 2009-ல் வந்த, வேகத்தைக் கூட்டிய பாலியூரிதேன் நீச்சல் உடைகள் பற்றியும் படியுங்கள். 2009 ரோம் உலகப் போட்டியில் மட்டும் 43 உலக சாதனைகள் உடைந்தன, 2010 ஜனவரி 1 முதல் அந்த உடைகளுக்குத் தடை. சாதனைப் பட்டியலைப் பேசும்போது இது தெரியாமல் பேசக் கூடாது.

இனி அந்தக் கிணற்றுச் சத்தம். உங்கள் வீடு பழைய செட்டிநாட்டு வீடு என்று ஊகிக்கிறேன். முகப்பிலோ வளவிலோ (உள் முற்றத்திலோ) உட்கார்ந்து பதிவு செய்திருப்பீர்கள். ஆத்தங்குடிக் கல், சுண்ணாம்புப் பூச்சு, உயர்ந்த கூரை, ஒன்றுகூடச் சத்தத்தை விழுங்காது. எல்லாம் திருப்பியடிக்கும். மைக்கை மாற்றிப் பயனில்லை, இடத்தை மாற்றுங்கள். துணிமணி, மெத்தை, தலையணை அடுக்கி வைத்திருக்கும் சின்ன அறை எதுவானாலும் நல்லது. மெத்தையைச் சுவரில் சாய்த்து அதைப் பார்த்து உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு கனத்த போர்வையைத் தொங்கவிடுங்கள், மேசைமேல் துண்டை விரியுங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் ஓரமாக இருக்கட்டும், ‘ப’ வரும்போது காற்று அடிக்காது. மின்விசிறியை நிறுத்துங்கள். பதிவைத் தொடங்கும் முன் ஒருமுறை கையைத் தட்டிப் பாருங்கள். தட்டிய ஒலிக்கு வால் இருந்தால் இன்னொரு போர்வை வேண்டும்.

ஆகாசவாணி நிலையங்கள் பகுதிநேர அறிவிப்பாளர்களுக்குக் குரல் தேர்வு வைப்பதுண்டு. மதுரை, திருச்சி நிலைய அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டிருங்கள். தேர்வில் உச்சரிப்பும் நிதானமும்தான் பார்ப்பார்கள். ழகர, ளகர வேறுபாட்டை இப்போதே சரிசெய்யுங்கள். ‘நீளம்’ என்ற சொல்லை ஒரு போட்டியில் ஐம்பது தடவை சொல்ல வேண்டிவரும். படிப்பைப் பொறுத்தவரை, பி.காம். தடையில்லை. சென்னையில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் போன்ற இடங்களில் பட்டதாரிகளுக்கு முதுநிலைப் பட்டயப் படிப்பு உண்டு, செலவும் உண்டு. அச்சில் வந்த பத்துக் கட்டுரை கையில் சேர்ந்த பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம். சென்னைக்குப் போனால்தான் எழுத்து என்றும் நினைக்க வேண்டாம். ‘குமரன்’, ‘ஊழியன்’ போன்ற இதழ்கள் உங்கள் காரைக்குடியிலிருந்துதான் வந்தன.

ஒப்பந்தத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய வாசகத்தில் மூன்று இடம் எனக்குப் பிடிக்கவில்லை. ‘பெயர், உருவம், வாழ்க்கைச் சம்பவங்கள் அனைத்தும் நிரந்தரமாகவும் தனியுரிமையாகவும்’ என்ற வரி முதலாவது. இதில் கையெழுத்திட்டால் நாளைக்கு உங்கள் கதையை நீங்களே புத்தகமாக எழுதவும் அவரிடம் அனுமதி கேட்க வேண்டிவரலாம். இரண்டாவது, தொகை எப்போது தரப்படும் என்றே இல்லை, ‘வருமானத்தில் பங்கு’ என்று மட்டும் இருக்கிறது. மூன்றாவது, எடுக்காமல் போட்டுவிட்டால் என்ன என்று ஒரு சொல்லும் இல்லை. நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, நீங்கள் சுயமாக எழுதியதற்கு முதல் உரிமையாளர் நீங்கள்தான். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருஷம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், எந்த இடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

அவரிடம் இப்படிக் கேளுங்கள்: இந்த ஒரு தொடருக்கு மட்டும், இரண்டு வருஷம், காணொளி உரிமை மட்டும். புத்தகம், ஒலி, மொழிபெயர்ப்பு எல்லாம் என்னிடமே. பாதித் தொகை படப்பிடிப்புக்கு முன்னால். ஒரு வருஷத்துக்குள் வெளியிடாவிட்டால் உரிமை திரும்பிவிடும். வெளியிடும் முன் நான் பார்த்துத் தகவல் பிழைகளைத் திருத்த வேண்டும். நல்ல ஆளாக இருந்தால் பேசுவார். ‘எல்லாருக்கும் இதே ஃபார்ம்தான்’ என்றால் விட்டுவிடுங்கள். திருத்திய வாசகத்தையும் காரைக்குடியில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து.

சொந்தச் சேனல் தொடங்கினால் ஒளிபரப்பு நிறுவனங்களின் போட்டிக் காட்சிகளை எடுத்துப் போடாதீர்கள். 90 நாளுக்குள் யூடியூபிடமிருந்து மூன்று பதிப்புரிமை ஸ்ட்ரைக் (மீறல் எச்சரிக்கை) விழுந்தால் சேனலே போய்விடும். பலகையில் வரைந்து காட்டுங்கள், அல்லது குளத்து நிர்வாகத்தின் அனுமதியோடு நீங்களே எடுங்கள். நீச்சல் உடையில் இருக்கும் பிள்ளைகளைப் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதமின்றிப் படம் பிடிக்கவே கூடாது. இதில் நெளிவு சுளிவு வேண்டாம்.

சுயசரிதை எழுதும் அளவுக்குச் சாதித்தேனா என்று கேட்டீர்கள். சாதனையின் அளவு இதில் கணக்கில்லை. தேசிய இறுதிச்சுற்றின் ஓரப் பாதையில் நிற்பது எப்படியிருக்கும் என்று தங்கம் வென்றவரால் எழுத முடியாது. ஆனால் இப்போது புத்தகம் என்று உட்கார வேண்டாம். நோட்டைப் புரட்டி, தேதியோடு நினைவிருக்கும் இருபது நாட்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் சொல். தோளில் முதல் வலி எந்தப் பயிற்சியின்போது, எத்தனையாவது மீட்டரில், அப்போது யாரிடம் சொன்னீர்கள், யாரிடம் மறைத்தீர்கள் என்று போகட்டும். பயிற்சியாளரையோ விடுதியையோ பற்றிக் குற்றம் சொல்லும் பகுதி இருந்தால், கடிதம், மருத்துவச் சீட்டு, தேதி என்று ஆதாரத்தோடு தனியாக எழுதி வையுங்கள். குற்றவியல் அவதூறு வழக்கில் உண்மை என்பது மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னது என்பதும் பார்க்கப்படும். வெளியிடும் முன் வழக்கறிஞர் படிக்க வேண்டிய பகுதி அது. நாலரை மணிக்கு விழிக்கும் பழக்கம் உடம்பை விட்டு இன்னும் போயிருக்காது. தண்ணீருக்குக் கொடுத்த அந்த ஒன்றரை மணி நேரத்தை எழுத்துக்குக் கொடுங்கள்.

உங்கள் ஊரைச் சுற்றியே விஷயம் கிடக்கிறது. நெடுந்தூர நீச்சல் வீரர் மிஹிர் சென் 1966-ல் பாக் நீரிணையைக் கடந்து கரையேறிய தனுஷ்கோடி உங்களுக்கு அரை நாள் பயணம்கூட இல்லை. 1994-ல் ஒரே வருஷத்தில் ஆறு நீரிணைகளைக் கடந்து மிஹிர் சென்னின் சாதனையை முறியடித்த குற்றாலீஸ்வரன் தமிழ்நாட்டுப் பையன்.

ஆனால் முதல் கட்டுரைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். கோடை விடுமுறையில் ஊருணியில் முங்கு போட்டி வைப்பார்களே, யார் அதிக நேரம் உள்ளே இருப்பது என்று, அதை எழுதுங்கள். முங்குவதற்கு முன் பிள்ளைகள் வேகவேகமாக மூச்சை இழுத்து விடுவார்கள். அதனால் உடம்பில் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை, கரியமிலவாயுதான் குறைகிறது. மூச்சு வேண்டும் என்று உடம்பைத் தவிக்க வைப்பது கரியமிலவாயு. அது குறைந்திருப்பதால் தவிப்பு வருவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, பிள்ளை சத்தமில்லாமல் உள்ளேயே மயங்கிவிடும். கரையில் இருப்பவர்கள் ‘நல்லா தம் கட்டுறான்’ என்று எண்ணிக்கொண்டே இருப்பார்கள். மூழ்குகிற ஆள் கையைத் தூக்கி ‘காப்பாத்துங்க’ என்று கத்துவது சினிமாவில்தான். நிஜத்தில் உடம்பு செங்குத்தாக நிற்கும், வாய் நீர்மட்டத்துக்கு ஏறி ஏறி இறங்கும், கூப்பிட மூச்சு இருக்காது. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நீந்தத் தெரியாதவர் பின்னால் குதிக்கக் கூடாது. படியில் படுத்துக்கொண்டு துண்டோ சேலையோ கம்போ நீட்ட வேண்டும், காலி பிளாஸ்டிக் கேனை எறிய வேண்டும். பாசி பிடித்த படி எது, செம்பாறாங்கல் படி முடிந்து திடீரென்று பள்ளம் இறங்கும் மூலை எது என்று உங்களுக்குத் தெரியும்.

அறுநூறு சொல்லுக்குள் எழுதி, பயிற்சியாளர் ஒருவரிடமும் அரசு மருத்துவர் ஒருவரிடமும் சரிபார்த்து, ஏப்ரல் முதல் வாரத்துக்குள் நாளிதழ் மாவட்டப் பதிப்பின் ஆசிரியருக்கு அனுப்புங்கள். கடைசித் தேர்வு முடிந்த மறுநாளே பிள்ளைகள் ஊருணிக்கு வந்துவிடுவார்கள், அதற்கு முன் அச்சில் வர வேண்டும். மேலே உங்களைப் பற்றி ஒரு வரி போதும்: முன்னாள் மாநில நீச்சல் வீராங்கனை.